நாலு குச்சி

மணியா அண்ணாச்சி? சொல்லுதேன். சொல்லாம என்ன. செத்த இருங்க.

கையில வாட்ச் கட்டியிருக்கான், மணி கேட்டா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்புதான், இவன் என்ன ஆளுன்னு நினைக்காதிய. வாட்ச் நல்லாத்தான் ஓடுது. போன வியாழக்கிழமைதான் ரிப்பேர் பாத்து வாங்கினேன். எனக்கு அதைக் குனிஞ்சு பாக்கத்தான் தெம்பு இல்ல. ரயில் இன்னும் பக்கத்து ஸ்டேஷனையே விடலையாம். ரயில்வே கேட்டு இப்ப திறக்கப் போறதில்ல. அவசரப்பட்டு என்ன செய்ய, நீங்களும் நானும் இறங்கி பஸ்ஸைத் தள்ளவா முடியும்?

நீங்க எங்க, செந்தூரா? கோயிலுக்கா? நல்லது. நான் ஊருக்கு ரோடு பிரியுத நல்லான்விளை விலக்குல இறங்கணும். இங்கன இருந்து கால் மணி நேரம். ஒரு கல்யாணம். நாலு மணிக்குக் கோயில்ல வச்சு. நாங்க சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். கோயில் விலக்குக்குப் பக்கத்துலயே இருக்கு. அதுக்கு முன்னால பொண்ணை வீட்டுல இருந்து இறக்குவாங்க. இறக்கும்போது வீட்டுக்குப் பெரியவங்க பொண்ணு தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும். அந்த வீட்டுக்கு இப்ப இருக்கிற பெரியவன் நான்தான். ஆனா நான் வருவேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. போன வியாழக்கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது.

பொண்ணு என் மச்சினன் மக. ஜெமிமான்னு பேரு. மச்சினன் அருமைநாயகம், என் சம்சாரத்துக்குத் தம்பி. எனக்கும் அவனுக்கும் ரெண்டு வருஷமா பேச்சு கிடையாது. எதுனாலன்னு சொன்னா சிரிப்பிய. சொத்துத் தகராறு இல்ல, வரப்புத் தகராறு இல்ல. ஒரு நம்பர். ஒரே ஒரு நாலாம் நம்பர்.

நான் கணக்கு வாத்தியார் பாத்துக்கிடுங்க. பாக்கியநாதன்னு பேரு. முப்பத்திநாலு வருஷம் அந்த நல்லான்விளைப் பள்ளிக்கூடத்துலதான். ஆறாங்கிளாஸ்ல ரோமன் எண்கள்னு ஒரு பாடம் உண்டு. நீங்களும் படிச்சிருப்பிய, மறந்திருப்பிய. எல்லாரும் மறந்திருதான். அந்தக் காலத்து ரோமாக்காரனுக்கு நம்மளை மாதிரி ஒன்பது இலக்கம், ஒரு சைபர்னு கிடையாது. சைபரே தெரியாது அவனுக்கு. ஏழே எழுத்து. I ஒண்ணு, V அஞ்சு, X பத்து, L அம்பது, C நூறு, D ஐநூறு, M ஆயிரம். இதை வச்சே அவன் ராஜ்ஜியம் நடத்தியிருக்கான். பெரிய எழுத்துக்குப் பின்னால சின்னது நின்னா கூட்டணும், VI ஆறு. முன்னால நின்னா கழிக்கணும், IV நாலு. அதுக்காக இஷ்டத்துக்கு முன்னால வைக்கக்கூடாது. I-யைக் கொண்டுபோய் V, X ரெண்டுக்கு முன்னாலதான் வைக்கலாம். நாப்பத்தொம்பதை IL-னு எழுதினா தப்பு. நாப்பது தனி, ஒன்பது தனி, XLIX. நாப்பது XL. அது மட்டும் எந்தப் பயலுக்கும் மறக்காது, பனியன்ல போட்டிருக்கும்லா.

அப்புறம் முக்கியமான விதி. V, L, D மூணையும் ஒரு தடவைக்கு மேல போடக்கூடாது. மத்த எழுத்தை மூணு தடவைக்கு மேல அடுக்கக்கூடாது. மூணுக்கு மேல கூடாது. இதைப் போர்டுல எழுதி, அடியில ரெண்டு கோடு போடுவேன். முப்பத்திநாலு வருஷம் கோடு போட்டிருக்கேன். நாலுன்னு எழுதச் சொன்னா நாலு குச்சி போடுதான்லா சில பய, அவன் நோட்டை நான் திருத்தவே மாட்டேன். வாசலுக்கு எறிஞ்சிருவேன். நான் பிடிவாதக்காரன்னு நினைச்சிராதிய. பிடிவாதம் எனக்கு எப்பவும் கிடையாது. சரியா இருக்கணும், அவ்வளவுதான். இப்பப் பாருங்க, டிக்கெட்டுல நேத்துத் தேதி போட்டிருக்குன்னு ஏறினதும் கண்டக்டர்ட்ட சொன்னேன். மிஷின்ல அப்படித்தான் வரும் பெரியவரேங்காரு. அப்படித்தான் வரும்! இந்த வார்த்தைதான் அண்ணாச்சி எனக்கு ஆகாது. என் மச்சினனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான்.

என் சம்சாரம் பேரு ரத்தினபாய். தவறி மூணு வருஷம் ஆச்சு. நெஞ்சு அடைக்குன்னா, காரு பிடிச்சு ஆஸ்பத்திரி வாசல் போய்ச் சேரல. சரி, விடுங்க. கல்லறைக்குக் கல்லு வச்சேன். பிறந்த வருஷம், மரிச்ச வருஷம், ரெண்டையும் ரோமன்ல போடச் சொன்னேன். MCMLVII, ஒரு சின்னக் கோடு, MMXXI. நானே தாள்ல எழுதிக் குடுத்து, கொத்தன் பக்கத்துலயே நின்னு வெட்ட வச்சேன். ஒரு குச்சி பிசகல. அருமை வந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னான். "அத்தான், இதை யாரு வாசிப்பா?"ன்னான். படிச்சவன் வாசிப்பான்லேன்னேன். அதிகம் பேச மாட்டான் அவன். தூத்துக்குடி துறைமுகத்துல எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர்டு ஆனவன்.

அவ தவறி ஒரு வருஷம் ஆகும்போது, அருமை அக்கா ஞாபகார்த்தமா கோயில் கோபுரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கி வச்சான். பெரிய கடிகாரம், வெள்ளை முகம், கறுப்பு எழுத்து, எல்லாம் ரோமன் நம்பர். சனிக்கிழமை ஏத்தினாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து சனம் பூரா அண்ணாந்து பாக்கு. எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்காங்க. நானும் அண்ணாந்து பாத்தேன். நாலு மணி இருக்க வேண்டிய இடத்துல நாலு குச்சி. எண்ணிப் பாத்தேன். நாலு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பாடம் சொல்லிக்குடுத்த ஊரு. என் சம்சாரம் பேரு பொறிச்ச கடிகாரம். அதுல, வாசலுக்கு எறிஞ்சிருவேன்னு சொன்னேன்லா, அந்தத் தப்பு. அருமையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கடிகாரத்துல அப்படித்தான் போடுவாங்க அத்தான்"னான். அப்படித்தான்! கழுதை, யாரு போட்டாலும் தப்பு தப்புதானலே?

விடல நான். கோயில் கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல வச்சே கூட்டம், மதியத்துக்கு மேல. ஒன்பது பேரு கமிட்டி. எட்டுப் பேரு எங்கிட்டப் படிச்சவன். மிச்சம் ஒருத்தர் குருவானவர், வெளியூருக்காரர். ஊர்ச்சனமும் ஒரு ஐம்பது அறுபது பேரு வந்து நின்னுது. நான் சாக்பீஸ் எடுத்து, ஏழு எழுத்தையும் எழுதி, விதியை எழுதி, ரெண்டு கோடு போட்டேன். ஒருத்தன் எதுத்துப் பேசணுமே? எட்டுப் பேரும் பெஞ்சுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். உண்மைக்கு அவ்வளவு பலம் அண்ணாச்சி.

அருமை மட்டும் எந்திரிச்சு, "அத்தான், மணி என்ன ஆச்சு?"ன்னான்.

பாத்தேன். மூணே முக்கால்னேன். உக்காந்துட்டான்.

நான் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். மறுபடி எந்திரிச்சான். "அத்தான், இப்ப மணி என்ன?" எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. நான் தொண்டை கிழியக் கத்துதேன், இவன் வீட்டுக்குப் போக நேரம் பாக்கானேன்னு. மூணு அம்பதுன்னு வெடுக்குன்னு சொன்னேன்.

மூணாவது தடவையும் கேட்டான். பக்கத்துல வந்து நின்னு, மெதுவா, "ஒரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க அத்தான், மணி என்ன?"ன்னான். "நாலு ஆகப் போகுதுலே, நாலு! போறவன் போ!"ன்னு கத்திட்டேன்.

அப்பதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். சனத்தைப் பாக்கல, என்னைத்தான் பாத்தான். "அக்கா இருந்து பாத்தா நாலு குச்சியைத்தான் அத்தான் தேடுவா"ன்னான்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல அண்ணாச்சி. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு தெரியாது. தமிழ் வேதாகமம் கடகடன்னு வாசிப்பா, கணக்கு மனசுலயே போடுவா, ஆனா இங்கிலீஷ் எழுத்து தெரியாது. வாத்தியார் சம்சாரம் படிக்காதவன்னு ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லுதானேன்னு எனக்கு வந்துது பாருங்க. செத்துப் போனவளைச் சபையில வச்சு அவமானப்படுத்துதியா, நீயெல்லாம் ஒரு தம்பியான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். அதையெல்லாம் இப்பச் சொல்ல வேண்டாம். அவன் அப்படியே போய் உக்காந்துட்டான். குருவானவர் கை தூக்கச் சொன்னாரு. எட்டுக் கையும் மேல போச்சு.

மறுநாளே சாரம் கட்டி செல்வின் ஏறினான். பெயின்டர் செல்வின், அவனும் எங்கிட்டப் படிச்சவன்தான். நாலு குச்சி மேலயும் வெள்ளையை அடிச்சு, IV எழுதினான். நான் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கழுத்து வலிச்சுது. கடிகாரத்தைப் பிரதிஷ்டை பண்ணின அன்னைக்கு அருமை வரல. அவன் வாங்கி வச்ச கடிகாரம், அவன் அக்கா பேரு, அவன் வரல. அப்புறம் ரோட்டுல பாத்தா அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஊரே எனக்குச் சலிச்சுப் போச்சு. பாளையங்கோட்டையில மகன் வீட்டோட போய் இருந்துட்டேன்.

அந்த ஐப்பசி மழையில வெள்ளை கரைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. கீழ இருந்த நாலு குச்சியும் தெரியுது, மேல எழுதின IV-யும் தெரியுது. ரெண்டும் கலந்து ஒரு கறுப்புத் திட்டா நிக்குதாம். பன்னெண்டு மணியில பதினோரு மணி நல்லாத் தெரியும், நாலு மட்டும் தெரியாது. யாரும் அதைத் தொடல. சார்ட்ட கேக்காமத் தொட்டா சார் ஏசுவாருன்னு செல்வின் சொன்னானாம்.

பிறகு போன மாசம் கல்யாணப் பத்திரிகை வந்துது. எப்படி வந்துதுங்கிய? தபால்ல. சொந்த அக்கா புருஷனுக்குத் தபால்ல பத்திரிகை! நீங்களே சொல்லுங்க, உங்க பக்கத்துல உண்டா? குடும்பத்தோட நேர்ல வந்து, தட்டுல வச்சுத்தான குடுக்கணும்? நேர்ல வரலையான்னு கேப்பிய. வந்தான். பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்தான். நான் அந்நேரம் குளிச்சிக்கிட்டு இருந்தேன். ஒண்ணரை மணி நேரம் குளிச்சேன். மருமக ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டினா. அவங்க காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்காகத் தபால்ல அனுப்புததா?

அதுலயும் பாருங்க, மாலை 4 மணின்னு அச்சுல இருக்கு. அந்த நாலைப் பேனாவால அடிச்சிட்டு, மேல IV-னு எழுதியிருக்கான். அவன் கையெழுத்துதான், எனக்குத் தெரியும். கேலி பண்ணுதான்னு பத்திரிகையை அலமாரிக்குள்ள வீசிட்டேன். போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

போன வியாழக்கிழமை இந்த வாட்ச் நின்னு போச்சு. கீ குடுக்கிற வாட்ச். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. நாப்பத்தஞ்சு வருஷம், ஒரு நாள் கையை விட்டு இறங்கினதில்ல. மார்க்கெட் பக்கம் மசூது பாய் கடைக்குக் கொண்டுபோனேன். அவரு கண்ணுல லென்ஸை மாட்டி, கண்ணாடியைக் கழட்டிப் பாத்துட்டு, "இயந்திரம் நல்லாருக்கு சார். நம்பர்ல ஒரு குச்சி ஒட்டு விட்டு விழுந்து முள்ளைப் பிடிச்சிக்கிட்டு. நாலுல உள்ள நாலாவது குச்சி"ன்னாரு.

"நாலுல ஏது பாய் அத்தனை குச்சி? ஒரு குச்சி, ஒரு V, அவ்வளவுதான"ன்னேன்.

அவரு லென்ஸைக் கழட்டி என் கையில குடுத்தாரு. பாத்தேன். மூணு குச்சி நிக்கு. நாலாவது குச்சி இருந்த இடத்துல பசை காஞ்ச தடம் இருக்கு.

"ரோமன் போட்ட வாட்ச்ல அப்படித்தான சார் வரும்"னுட்டு சுவரைக் காட்டினாரு. சுவர் பூரா கடிகாரம். ரோமன் போட்டது ஏழோ எட்டோ இருந்துது. எல்லாத்துலயும் நாலு குச்சி. ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. "ஒட்டிரவா சார், இல்ல விட்டிரவா? மூணோடயும் ஓடும்"னு கேட்டாரு.

ஒட்டுங்க பாய்னேன்.

அண்ணாச்சி, இந்தக் கைதான். இந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டு, இந்தக் கையாலதான் மூணுக்கு மேல கூடாதுன்னு போர்டுல எழுதியிருக்கேன். பீரியட் முடிஞ்சிட்டான்னு எத்தனை தடவை குனிஞ்சு பாத்திருப்பேன்! மணியைத்தான் பாத்திருக்கேன். வாட்ச்சைப் பாக்கல.

ஆனா அவ பாத்திருக்கா. லீவு நாள்ல சாயங்காலம் நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா, வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுத் தன் பக்கம் திருப்புவா. "நாலு குச்சிக்கு முள்ளு வந்தாச்சு, காப்பி போடுதேன்"பா. தினம் சொல்லுவா. நாப்பத்திரண்டு வருஷம் சொன்னா. நானும் தாள்ல IV எழுதிக் காட்டி, நாலுக்கு இதுதான் ரத்தினம், குச்சிக் கணக்கெல்லாம் கிடையாதுன்னு எத்தனையோ தடவை சொல்லிக்குடுத்தேன். சரின்னு தலையை ஆட்டுவா. மறுநாள் நாலு குச்சிம்பா. இவளுக்கு ஏறாதுன்னு விட்டுட்டேன். எனக்கு ஏறல பாத்தியளா. அவ அதுல இருந்ததைத்தான் சொல்லியிருக்கா.

இந்த வாட்ச்சைத் தேர்ந்தெடுத்தது யாருங்கிய? அருமைதான். மாமனாருக்கு உடம்புக்கு முடியலன்னு அவனைத்தான் மதுரைக்கு அனுப்பினாங்க. பதினேழு வயசு அப்ப அவனுக்கு. அவனுக்குத் தெரியும் இதுல எத்தனை குச்சின்னு. அன்னைக்கு அத்தனை பேரு நிக்க, "அத்தான், உங்க கையில கட்டியிருக்கிறதைப் பாருங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். எங்கிட்டப் படிச்ச எட்டுப் பேரும் சிரிச்சிருப்பான். ஊரே சிரிச்சிருக்கும். அவன் சொல்லல. நானாப் பாத்துக்கிடட்டும், ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்னு மணியை மட்டும் கேட்டான். மூணு தடவை கேட்டான். மூணு தடவையும் குனிஞ்சு பாத்து, நான் சரியான மணியைச் சொன்னேன்.

அந்தப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். கேலி இல்ல அண்ணாச்சி அது. மக கல்யாணப் பத்திரிகையில, தன் கையால, எனக்காக விட்டுக்குடுத்து எழுதியிருக்கான். அத்தான் இதைப் பாத்தாவது வந்துர மாட்டாரான்னு. நான் அதை அலமாரிக்குள்ள வீசினேன்.

விதி தப்பில்ல. அதைச் சொல்லிருதேன். எழுதுதப்ப IV-தான் எழுதணும், நாளைக்கு யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். கடிகாரக்காரன் வழக்கம் வேற. அதை எனக்கு யாரும் சொல்லல... சொன்னான். அவன் சொன்னான்.

நாலு நாளா யோசிக்கேன், போய் நின்னு என்ன பேசன்னு. மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வராது, பழக்கமில்ல. செல்வினைக் கூப்பிட்டு அந்தக் கறுப்பைச் சுரண்டச் சொல்லணும். நாலு குச்சியையும் திரும்ப எழுதச் சொல்லணும். அது நாளைக்கு. இன்னைக்கு அவன் வாசல்ல போய் நிப்பேன். வாங்கன்னு சொல்லுவானோ மாட்டானோ. ஒருவேளை பழையபடி மணி என்ன அத்தான்னு கேட்டான்னா, நான் சொல்ல மாட்டேன். கையை அவன் பக்கம் நீட்டிருவேன். அவன் பாத்துக்கிடட்டும்.

ரயில் போயிட்டா? சத்தமே கேக்கல எனக்கு. கேட்டைத் தூக்குதானா? டிரைவர் எங்க, டீக்கடையிலயா நிக்காரு? கூப்பிடுங்க அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சத்தம் வரும், கொஞ்சம் கூப்பிடுங்க.

மணி கேட்டியள்லா. இந்தாங்க, நீங்களே பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிக்கிட்டு இருக்கு, தெரியல. சின்ன முள்ளைப் பாருங்க. நாலு குச்சிக்கு இன்னும் வரலைல்லா? வரலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி.